எண்ணெய் அடிக்காத அக்டோபர்

கிராண்ட் ஐல், மெயின்
14 செப்டம்பர் 1997

அன்புள்ள ரோசேர்,

தொலைபேசியில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. நான்காவது நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எனக்குக் கோபம் வந்தால் பேனாவை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடலாம்.

இங்கே எல்லோரும் சுகம். உருளைக்கிழங்கு அறுவடை தொடங்கிவிட்டது. அறுவடைக்காகப் பள்ளிக்கூடத்தை மூன்று வாரம் மூடிவிட்டார்கள், அதனால் அங்கே சமையலறையில் எனக்கும் வேலை இல்லை. பகலெல்லாம் அறுவடை வண்டியின் மேல் நின்று கிழங்கிலிருந்து கல் பொறுக்குகிறேன். வீட்டுக்கு வந்து குளித்தாலும் காதுக்குள் மண் இருக்கிறது.

கேட்க வந்த விஷயம் வண்டியைப் பற்றி. அக்டோபர் வரப்போகிறது. "கல்யாணம் இருந்தாலும் சரி, சாவு இருந்தாலும் சரி, சாலையில முதல் உப்பு விழறதுக்குள்ள வண்டியடியில எண்ணெய் அடிச்சிடணும்" என்று இருபது வருடமாக நீ சொல்லிக் கேட்டிருக்கிறேன். இந்த ஊரில் ஐஸ் உருகச் சாலையில் கொட்டும் உப்பு அரித்து, ஏழாம் வருடத்திலேயே மற்றவர்களின் பிக்கப் வண்டிகள் அடியில் ஓட்டை விழுந்து குப்பைக்குப் போகும்போது, நம் பச்சை வண்டி பதினோரு வருடமாக ஓடுவது அந்த எண்ணெயால்தான் என்று எனக்குத் தெரியும். அதைக் கொட்டகையில் விட்டுவிட்டு நீ வெறும் பெட்டியோடு பஸ் ஏறிப் போனாய். இந்த வருடம் யாரிடம் கொடுத்து அடிப்பது? பட்டறைக்காரன் கில்மனிடம் கேட்கட்டுமா, நானே அடிக்கட்டுமா? எந்த எண்ணெய், எவ்வளவு, எந்த ஓட்டையில் எல்லாம் விட வேண்டும் என்று எழுது.

உன் அம்மா இன்னும் என்னோடு பேசுவதில்லை. சர்ச்சில் பூசைக்கு வந்தால் இரண்டு பெஞ்சு தள்ளிப் போய் உட்காருகிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பெற்ற மகனை 'போ' என்று சொன்ன மருமகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள யாருக்குப் பிடிக்கும்?

ஜனவரியில் நான் சொன்ன அந்த வார்த்தைக்கு என்னை மன்னித்துக்கொள். கோபத்தில் வந்தது. நான் அதை நினைத்துச் சொல்லவில்லை.

உன் நினைவாகவே,
ஒடீல்


யூமா, அரிசோனா
28 செப்டம்பர் 1997

அன்புள்ள ஒடீலுக்கு,

கடிதம் கிடைத்தது. உறையைத் திறந்ததும் கொஞ்சம் மண் விழுந்தது. நம் ஊர் மண்தான். மேசையைத் துடைக்காமல் ஒரு நாள் அப்படியே விட்டிருந்தேன்.

இங்கே செப்டம்பர் கடைசியிலும் வெயில் மண்டையைப் பிளக்கிறது. பட்டறையில் காலை நான்கு மணிக்கு ஆரம்பித்துப் பகல் பன்னிரண்டுக்கு முடித்துவிடுகிறோம். கீரைத் தோட்டத்து டிராக்டர்கள், தண்ணீர் பம்புகள், இவைதான் வேலை. உனக்கு ஒன்று சொன்னால் நம்ப மாட்டாய். நேற்று ஒரு கிழவர் தன் பிக்கப்பைக் கொண்டுவந்தார். நாற்பது வருடப் பழசு. அடியில் குனிந்து பார்த்தேன், துருவே இல்லை, சேஸிஸ் சட்டத்தில் தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் அப்படியே இருக்கிறது. எந்த போல்ட்டும் கையால் சுழற்றினாலே கழன்று வருகிறது. நான் அங்கே படுத்தபடி சிரித்தேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

வண்டிக்கு இந்த வருடம் எண்ணெய் வேண்டாம். அடியில் கெட்டியாகக் கறுப்புப் பூச்சு பூசியிருக்கிறேன், அது பல வருடம் தாங்கும். நீ கீழே படுத்துக் கஷ்டப்படாதே. கதவுகளின் அடியில் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்து அழுகும். கொண்டை ஊசியால் குத்தி எடுத்துவிடு, அது போதும். இன்னொன்று, குளிரில் நிற்கிறதே, பாவம் என்று வண்டியைச் சூடான கொட்டகைக்குள் விட்டுவிடாதே. உறைகிற குளிரில் உப்பு தூங்கும், கதகதப்பில்தான் விழித்து வேலை பார்க்கும். வெளியிலேயே நிற்கட்டும்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாய். அவளுக்கு வயதாகிறது, விட்டுவிடு. நீ சொன்ன வார்த்தையைப் பற்றி நான் என்ன எழுத? சொன்னது சொன்னதுதான். காலம் ஆற்றும்.

ரோசேர்


கிராண்ட் ஐல்
19 அக்டோபர் 1997

அன்புள்ள ரோசேர்,

நீ வேண்டாம் என்றாய். நான் கேட்கவில்லை. நான் எப்போது கேட்டிருக்கிறேன்?

பூச்சு பூசியிருக்கிறாய் என்றால் சரி, ஆனாலும் அக்டோபர் வந்து, ஊரெல்லாம் எண்ணெய் வாடை அடித்து, நம் வாசலில் மட்டும் அடிக்கவில்லை என்றால் எனக்கு ஏதோ பண்டிகை கொண்டாடாத வீடு போல இருந்தது. கில்மனின் பட்டறையில் ஸ்பிரே கன் வாங்கி வந்தேன். சங்கிலி ரம்பத்துக்கு ஊற்றுகிற எண்ணெயை வெந்நீரில் வைத்து இளக்கினேன். தலைக்கு ரொட்டி வந்த பிளாஸ்டிக் பை, கண்ணுக்கு உன் வெல்டிங் கண்ணாடி. அட்டைப்பெட்டியை விரித்துக் கீழே படுத்தேன். முதல் அழுத்தத்திலேயே எண்ணெய் என் மூக்குக்குள் போனது. இரண்டாவது காதுக்குள். கில்மன் ஏதோ வேலையாக வந்தவன் என் கால்களை மட்டும் பார்த்துவிட்டு, "ஏம்மா ஒடீல், வண்டிக்கு அடிக்கிறியா, உனக்கு அடிச்சுக்கிறியா? துருப்பிடிக்கிற வயசா ஆயிடுச்சு உனக்கு?" என்றான். நான் அவன் ஷூவின் மேல் எண்ணெயை ஒரு அடி அடித்தேன்.

கதவுக்குள், பக்கவாட்டுத் தகடுகளுக்குள், சக்கரத்துக்கு மேலே, எல்லாம் விட்டேன். சேஸிஸில் மட்டும் உன் கறுப்புப் பூச்சுக்கு மேலே எண்ணெய் ஒட்டாமல் வழிந்துவிட்டது, உள்ளே போக வழியே இல்லை. பிறகு நீ செய்வது போலவே கிழங்கு வயல் மண்பாதையில் இரண்டு முறை ஓட்டிப் புழுதியை ஏற்றினேன். எண்ணெயும் புழுதியும் சேர்ந்து அடியெல்லாம் தோல் போலப் பிடித்துக்கொண்டது. உனக்குப் பிடித்திருக்கும்.

ஓட்டுநர் கதவின் உள்விளிம்பில் நீ வருடா வருடம் வெள்ளை பெயிண்டில் எழுதும் தேதிகளுக்குக் கீழே என் தேதியையும் எழுதினேன். போன வருடத்துத் தேதியை எழுத மறந்துவிட்டாய் போல. '95-க்குப் பிறகு ஒன்றும் இல்லை. அதற்கு ஒரு வரி இடம் விட்டு எழுதியிருக்கிறேன், வந்து நிரப்பிக்கொள்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறாயா? வந்தால் பன்றிக்கறியை மாவில் மூடிச் சுடும் தூர்த்தியேர் செய்வேன். ஜனவரியில் பேசியதற்கு நேரில் மன்னிப்புக் கேட்கிறேன். கடிதத்தில் கேட்டால் நீ கேட்காதது போல இருந்துவிடுகிறாய்.

உன்
ஒடீல்


யூமா
7 டிசம்பர் 1997

அன்புள்ள ஒடீலுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. இங்கே கீரைக்குக் குளிர்காலம்தான் அறுவடை, பட்டறையில் லீவு கிடையாது. இதைச் சாக்கு என்று நினைப்பாய், ஆனால் உண்மை. மே மாதம் வேலை குறையும். அப்போது வரலாம் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்லவில்லை.

நீ எண்ணெய் அடித்ததைப் படித்துப் பட்டறையில் ரோலனுக்கும் வாசித்துக் காட்டினேன். அவன் நம் ஊர்க்காரன் ஆயிற்றே. ஷூவில் எண்ணெய் அடித்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தான்.

நீ மன்னிப்புக் கேட்பது எனக்குக் கேட்காமல் இல்லை. பதில் எழுத வரவில்லை, அவ்வளவுதான். நீ 'போ' என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

தெற்குத் திருப்பத்தில் மெதுவாகப் போ. ஆற்றுப்பக்கம் ஐஸ் கண்ணுக்குத் தெரியாது.

ரோசேர்


கிராண்ட் ஐல்
25 ஜனவரி 1998

அன்புள்ள ரோசேர்,

போன புதன்கிழமையோடு ஒரு வருடம் ஆனது. நீ மறந்திருக்க மாட்டாய்.

அந்தக் காலையை நான் தினமும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ராத்திரி பனி கொட்டியிருந்தது. வண்டியின் முன்னால் பனி தள்ளும் பலகையை மாட்டி வைக்கிறேன் என்று சொன்ன நீ மாட்டவில்லை. ஐந்தரைக்குப் பள்ளிக்கூடத்தில் அடுப்பு பற்றவைக்க வேண்டிய நான் வாசலிலேயே மாட்டிக்கொண்டேன். நீ காப்பி குடித்துக்கொண்டிருந்தாய். "ஒரு நாள் லேட்டாப் போனா பள்ளிக்கூடம் இடிஞ்சிடாது" என்றாய். நான், "உன்ன மாதிரி ஒரு மனுஷன் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, எங்கயாவது போய்த் தொலை" என்றேன். நீ கோப்பையைக் கழுவி வைத்தாய். அரை மணி நேரத்தில் பெட்டியோடு வெளியே வந்தாய். நான் தடுத்திருக்கலாம். அடம்பிடித்துக்கொண்டு மண்வெட்டியால் பனியை வாரிக்கொண்டிருந்தேன்.

சரி. இப்போதைய செய்தி. இந்த மாதம் பனியோ பனி. சாலையில் உப்பு லாரி நாளுக்கு மூன்று முறை போகிறது. நடுவில் இரண்டு நாள் உருகியபோது வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன், அடியில் உட்பட. நம் வாசல் பனியைத் தள்ளிவிட்டு, அப்படியே போய் உன் அம்மா வீட்டு வாசல் பனியையும் தள்ளிவிடுகிறேன். எழுபத்தெட்டு வயதில் அவள் மண்வெட்டி பிடிக்க முடியுமா? இந்தக் குளிர்காலத்தில் மட்டும் பதினான்கு முறை தள்ளியிருக்கிறேன். ஒரு முறைகூடக் கதவு திறக்கவில்லை. சமையலறை ஜன்னல் திரை மட்டும் ஒரு விரல் அளவு விலகும், பிறகு மூடிக்கொள்ளும். போன வாரம் பூசை முடிந்து வாசலில் அவள் யாரிடமோ, "என் மகன் ஓடிப்போகல. விரட்டினாங்க" என்று சொன்னாள், என் காதில் விழட்டும் என்றே. அதற்கு நான் என்ன பதில் சொல்வது? சொன்னவள் நான்தானே.

இந்தப் பழி எனக்குக் கனமாக இருக்கிறது. மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதிவிடு. உன்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஒடீல்


கிராண்ட் ஐல்
15 மார்ச் 1998

ரோசேர்,

வருடாந்தரச் சோதனைக்கு வண்டியைக் கில்மனிடம் கொண்டுபோனேன். சாலையில் ஓட்டலாம் என்று ஒட்டும் ஸ்டிக்கர் கிடைக்கவில்லை. ஏன் என்று எழுதுகிறேன், நிதானமாகப் படி.

லிஃப்டில் ஏற்றிச் சுத்தியலால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே வந்தான். முன்பக்கமெல்லாம் கணீர் கணீர் என்றது. பின்சக்கரத்தின் ஸ்பிரிங் பட்டையை மாட்டியிருக்கும் இடத்துக்கு வந்ததும் சத்தம் செத்துப்போனது, ஈர மரத்தைத் தட்டியது போல. "கொஞ்சம் தள்ளி நில்லு ஒடீல்" என்றான். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினான். பிடி வரை உள்ளே போய்விட்டது. கறுப்புத் தோலைக் கத்தியால் கீறி உரித்தான். உள்ளே இரும்பு இல்லை. செதில் செதிலாகத் துரு. கையால் அள்ளி வாளியில் போட்டான், அரை வாளி வந்தது. இரண்டு பக்கமும் அப்படித்தான். பூச்சு மட்டும் பளபளவென்று அப்படியே நிற்கிறது. பிரேக் குழாய் அந்தத் துருவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் சொன்னான்: "உப்பக் கழுவாம, ஈரத்தக் காயவிடாம மேல தார் பூசினா இப்படித்தான். உள்ள மாட்டிக்கிட்ட உப்பு வெளிய போக முடியாம இரும்பத் தின்னுட்டே இருக்கும். இந்த ஊர்ல சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும் இது."

நான் யாரோ வெளியூர்க் கடைக்காரன் உன்னை ஏமாற்றிவிட்டான் என்றுதான் நினைத்தேன். "யாரு பூசினது?" என்று கேட்டேன். கில்மன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க ஒன்றும் இல்லாதபோதும் துடைத்தான்.

"உன் வீட்டுக்காரன்தான். இந்த லிஃப்ட்லதான் வெச்சுப் பூசினான். உன் தங்கச்சி பிரசவத்துக்கு நீ லூயிஸ்டன் போயிருந்தியே, அந்த வாரம்."

"அது ஆகஸ்ட் தொண்ணூத்தாறு."

"ஆமா. நான் அப்பவே கேட்டேன். டேய், அடுத்தவன் தார் பூசினா நீதானே விழுந்து சிரிப்ப, இப்ப நீயே பூசுறியேன்னு. அதுக்கு, 'இனிமே வருஷா வருஷம் இதுக்குக் கீழ படுக்க ஆள் இருக்காது கில்மன். ஒரு தடவை பூசிட்டா பத்து வருஷம் தாங்கட்டும்'னான். அவனுக்கு முதுகுவலின்னு நெனச்சேன் நான்."

வீட்டுக்கு நடந்தே வந்தேன். மூன்று மைல். வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தேன். ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரை ஐந்து மாதம். கதவில் '96-ஆம் வருடத்துத் தேதி இல்லாதது மறதி இல்லை. அந்த அக்டோபரில் நீ எண்ணெயே அடிக்கவில்லை. "பட்டறையிலயே அடிச்சிட்டேன்" என்று என்னிடம் சொன்னாய்.

என் கேள்வி ஒன்றுதான். அந்த ஆகஸ்டில், வண்டிக்குக் கீழே படுக்க இனி ஆள் இருக்காது என்று உனக்கு எப்படித் தெரியும்? பூசி மெழுகாமல் எழுது.

ஒடீல்


யூமா
29 மார்ச் 1998

ஒடீலுக்கு,

கில்மனுக்கு வாய் சும்மா இருக்காது என்று ஆரம்பித்து ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். உன் முதுகுக்கு ஆகாது என்றுதான் பூசினேன் என்று இன்னொன்று எழுதினேன். அதையும் கிழித்தேன். இது மூன்றாவது.

'96 மே மாதம் ரோலன் இங்கிருந்து எழுதினான், பட்டறையில் ஆள் தேவை என்று. ஜூலையில் நான் சரி என்று எழுதிவிட்டேன். உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. முப்பது வருடம் உறைந்த சிமெண்டில் படுத்து அடுத்தவன் வண்டியின் துருவைக் கண்ணில் வாங்கி எனக்கு அலுத்துவிட்டது. அந்தக் குளிர் அலுத்துவிட்டது, ஒரே சாலை, ஒரே முகங்கள். அதில் நீயும் இருந்தாயா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. உன்னையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று ஒரு நாள்கூட நான் யோசிக்கவில்லை. அதை இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

தினமும் காலையில் இன்று சொல்லிவிட வேண்டும் என்று எழுவேன். சொல்ல வாய் வரவில்லை. நான் போன பிறகு விடியற்காலை ஐந்து மணிக்கு ஆற்றோரச் சாலையில் நீ அந்த வண்டியில் போவாய் என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. எண்ணெய் என்றால் ஒவ்வொரு வருடமும் ஒருவன் அடிக்க வேண்டும். ஒரே தடவையில் முடிகிற மாதிரி ஏதாவது செய்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். நீ லூயிஸ்டனில் இருந்த நான்கு நாள்தான் எனக்குக் கிடைத்தது. நான்கு நாளும் மழை. இரண்டு வாரம் காய வேண்டிய சேஸிஸைக் கழுவக்கூட இல்லை, மேலோடு மேலாகச் சுரண்டிவிட்டுப் பூசினேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அது தப்பு என்று பூசும்போதே எனக்குத் தெரியும், ஒடீல். நன்றாகத் தெரியும்.

இனி எழுதுவதுதான் கஷ்டம். போவது என்று முடிவு செய்த பிறகு ஆறு மாதம் உன்னோடு ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டை பிடித்தேன். என்னை நீயே போகச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. பனி தள்ளும் பலகையை நான் மறக்கவில்லை. மாட்டவில்லை. நீ அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அரை மணியில் யாராலும் பெட்டி கட்ட முடியாது. அது நவம்பரிலேயே கட்டிவைத்த பெட்டி.

நீ ஒவ்வொரு கடிதத்திலும் மன்னிப்புக் கேட்டாய். நான் ஒவ்வொன்றையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும், நீ எழுத வேண்டாம்.

மே மாதம் வருகிறேன். நேரில் திட்டு.

ரோசேர்


கிராண்ட் ஐல்
5 ஏப்ரல் 1998

ரோசேர்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை அழுதேன். இரண்டாம் முறை கோபம் வந்தது, உன் காப்பிக் கோப்பையைக் குப்பையில் போட்டேன். மூன்றாம் முறை படித்தபோது தோளிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்குப் படுத்து ஆறு மணிக்குத்தான் எழுந்தேன். பதினான்கு மாதத்தில் அப்படித் தூங்கியதில்லை.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தூக்கிப் போட்டுவிடு என்றுதான் கில்மன் சொன்னான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எண்ணெய் பட்ட கதவும் பக்கத் தகடும் இன்னும் நன்றாகத்தான் இருக்கின்றன. கறுப்புத் தோல் முழுவதையும் சுரண்டி எடுத்தோம். நான் சுரண்டினேன், அவன் அழுகிய துண்டை வெட்டி எடுத்துவிட்டுக் கனமான புது இரும்பை வைத்து வெல்டிங் அடித்தான். ஸ்டிக்கர் வாங்கிவிட்டேன். இனி அந்தச் சேஸிஸில் எண்ணெய் தவிர எதுவும் படாது. வருடா வருடம் ஒருத்தி கீழே படுக்க வேண்டும் என்றால் படுப்பேன். அதில் என்ன பெரிய கஷ்டம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அந்த இரும்பு தெற்குத் திருப்பத்தில் உடைந்திருந்தால் நான் ஆற்றில் கிடந்திருப்பேன். அதைவிட உன் அம்மா வீட்டு வாசலில் உடைந்திருந்தால், என் வாசலையும் கெடுத்துவிட்டாள் என்று அதற்கும் சேர்த்து என்னைத்தான் சொல்லியிருப்பாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். நான் ஒரு கோபக்காரி, ஒத்துக்கொள்கிறேன். அந்தக் காலையில் சொல்லக் கூடாததைச் சொன்னேன். ஆனால் அந்த வார்த்தையால் நீ போகவில்லை. நீ போக முடிவு செய்து ஆறு மாதமாகியிருந்தது. உனக்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டது, என் வாயிலிருந்து எடுத்துக்கொண்டாய். அதை வைத்துக்கொண்டு ஊருக்கும் அம்மாவுக்கும் காட்டினாய்.

எனக்காக ஒன்று செய். நீ எனக்கு எழுதியதை உன் அம்மாவுக்கும் எழுது. நானே போய்ச் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் அது மகனைப் பற்றி மருமகள் சொல்லும் கோள் ஆகிவிடும். உன் கையெழுத்தில் வர வேண்டும். ஜூலை, ஆகஸ்ட், நவம்பர் என்று மாதத்தோடு எழுது. இதை நீ செய்யாவிட்டால் நமக்குள் பேச ஒன்றும் இல்லை.

ஒடீல்


யூமா
16 ஏப்ரல் 1998

ஒடீலுக்கு,

அம்மாவுக்கு நேற்று எழுதிப் போட்டுவிட்டேன். உனக்கு எழுதியதைவிட அது கஷ்டமாக இருந்தது. எதையும் விடவில்லை. பலகையையும் எழுதினேன், பெட்டியையும் எழுதினேன்.

மே இருபதாம் தேதிக்கு பஸ் டிக்கெட் எடுத்திருக்கிறேன். வந்து கில்மன் அடித்த வெல்டிங்கைப் பார்க்க வேண்டும். உன்னையும் பார்க்க வேண்டும். வேண்டாம் என்றால் எழுது. பதில் வராவிட்டால் வரலாம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ரோசேர்


கிராண்ட் ஐல்
3 மே 1998

ரோசேர்,

பதில் எழுதாமல் இருந்து உனக்கு இன்னொரு வசதி செய்து கொடுக்க மாட்டேன். அதனால் இன்றைக்கே எழுதுகிறேன்.

பனி போய்விட்டது, சாலையெல்லாம் சேறு. போன வாரம் சேஸிஸ் சட்டத்துக்குள் தோட்டத்துக் குழாயை விட்டுக் குளிர்காலத்து உப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். வருகிற தண்ணீர் தெளிவாகும் வரை விட வேண்டும் என்று நீ சொல்வாயே, அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. கீழே படுத்திருந்தபோது வண்டிக்கு அந்தப் பக்கம் இரண்டு ரப்பர் பூட்ஸ் வந்து நின்றன. முழங்கால் வரை சேறு. யார் என்று தெரியவில்லை.

"வெளிய வா" என்றது குரல்.

உன் அம்மா. அரை மைல் சேற்றில் நடந்து வந்திருக்கிறாள்.

"நனைஞ்சு கிடக்கேன் அத்தை" என்றேன்.

"பரவால்ல, வா."

வந்தேன். கைப்பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்தாள். பிரித்துக் காட்டவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"பெட்டியக் கட்டி வெச்சுக்கிட்டு ரெண்டு மாசம் ஞாயித்துக்கிழமை என் வீட்டுல உக்காந்து சாப்பிட்டிருக்கான். ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டான். என்கிட்டயும் சொல்லல."

"என்கிட்டயும்தான்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மார்ச்சுல. கில்மன் சுத்தியலால தட்டினப்போ."

அவள் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்தாள். அது எண்ணெயும் சேறுமாக இருந்தது, அவள் போட்டிருந்ததோ பூசைக்குப் போடும் கோட்டு. நான் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.

"பதினஞ்சு மாசம் உன்னப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். நீ எதுக்குடி என் வாசல்ல வந்து பனி தள்ளின?"

"பனி விழுந்துச்சே அத்தை" என்றேன்.

அவள் என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அழுது முடித்ததும் இரண்டு பேருக்கும் பசித்தது. உள்ளே போய் மாவு கரைத்து ப்ளோய் அப்பம் சுட்டேன். ஏழு சாப்பிட்டாள். மாவில் உப்பு குறைவு என்றாள். அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்குச் சொன்னால் புரியாது.

அடுத்த ஞாயிறு பூசையில் தன் பெஞ்சில் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தாள். வாசலில் எல்லோரும் நிற்கும்போது, "இவ விரட்டல. அவனாத்தான் போனான்" என்று சத்தமாகச் சொன்னாள். அவளுக்குக் காது சரியாகக் கேட்காது, அதனால் எது சொன்னாலும் சத்தம்தான். சாமியார் வரைக்கும் கேட்டது.

அவளை வீட்டில் கொண்டுவிட்டபோது, "மே மாசம் வரானாமே. என்ன சொல்லப் போற?" என்று கேட்டாள். சொன்னேன். "சரி" என்றாள்.

அவளுக்குச் சொன்னதையே உனக்கும் எழுதுகிறேன். மே மாதம் வராதே. உன்மேல் கோபம் இருக்கிறது, ஆனால் அதற்காக இல்லை. நீ வந்தால் நான் மறுபடி உன் முகத்தைப் பார்த்துப் பார்த்து, என்ன சொன்னால் நீ போய்விடுவாய் என்று ஒவ்வொரு வார்த்தையையும் எடை போட்டுப் பேசுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஜனவரியில் நீ போன நாளிலிருந்து தப்பு செய்தவளாகவே எழுந்தேன், தப்பு செய்தவளாகவே சமைத்தேன், தப்பு செய்தவளாகவே படுத்தேன். தப்பு செய்யாதவளாக ஒரு கோடைக்காலம் இருந்து பார்க்கிறேன். அது எப்படி இருக்கும் என்று எனக்கு மறந்தே போய்விட்டது. அதன் பிறகு உன்னைப் பற்றி யோசிக்கத் தோன்றினால் நானே எழுதுகிறேன்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு.

ஒடீல்